மலையின் மஃப்ளரில் ஐந்தாவது முறுக்கு

தேன்மட்டம் மலைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது மஃப்ளர் போட வேண்டும். அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஏறும் பாதை அந்த மஃப்ளரின் மேல்தான் போகிறது. பின்னி முடிக்கும்போது மஃப்ளர் பதினோரு அடி நீளம் இருக்கும். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் அதை உச்சிக்குக் கொண்டுபோய் மலையின் கழுத்தில் போடுவார்கள். மலை அதைத் தன் வசதிக்கு இழுத்துவிட்டு, இருபத்திரண்டு கிலோமீட்டருக்குச் சுற்றிக்கொள்ளும். மஃப்ளரில் எத்தனை முறுக்கோ, பாதையில் அத்தனை கொண்டை ஊசி வளைவு. பதினான்குக்கு மேலும் கூடாது, கீழும் கூடாது என்று கோப்பில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

இந்த முறை வேலை சமவெளிக் கான்ட்ராக்டர் ஒருவருக்குப் போயிற்று. வளைவே இல்லாத பாதை என்றால் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று நினைத்து, அவர் மெஷினில் நேராக, ஒரு முறுக்கும் இல்லாமல், வெறும் பிளெயினாகப் பின்னிக் கொடுத்துவிட்டார். ஊசி பிடித்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், வெறும் பிளெயின் பின்னல் ஓரத்தில் சுருண்டுகொள்ளும் என்று. கேட்டால்தானே? மூன்றாம் நாள் பாதை இரண்டு ஓரமும் சுருண்டு குழாயாகிவிட்டது. உள்ளே போன பால் வண்டி இரண்டு நாள் கழித்து மேல் முனையில் வெளியே வந்தபோது கேன்களில் தயிர் இருந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய் அகலமான பாத்திரம் எடுத்துவந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

துறைக்காரர்கள் நைந்துபோன பழைய மஃப்ளரையே மலைக்குத் திரும்பப் போட்டுவிட்டு, அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தார்கள்.

அமலோற்பவத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. கான்வென்டில் படித்தவள். அங்கே மதர் கிளோத்தில்து என்பவர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னல் சொல்லிக்கொடுத்தார். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் விரல் முட்டியில் ஒரு அடி. அமலோற்பவம் எட்டு வருஷத்தில் இரண்டு அடிதான் வாங்கினாள், அதில் ஒன்று பக்கத்துப் பெண்ணுடையது. இன்றைக்கும் அவள் ஒருவரை முழுசாகத் திட்டி முடிப்பதற்குள் நாற்பது வரிசை ஏறியிருக்கும்.

வந்தவர் உதவிப் பொறியாளர் பொற்செழியன். நல்ல பையன்தான், உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்காருகிற ரகம்.

"மேடம், நீங்கதான் பின்னித் தரணும். நாற்பது நாளுக்குள்ள."

"எப்பவும் கான்வென்ட் சிஸ்டர்ஸ்தானே பின்னுவாங்க?"

"மெஷின்காரருக்குக் கொடுத்ததுல கோவிச்சுக்கிட்டாங்க மேடம். கேட்டைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க. ஜன்னல் வழியா உங்க பேரைச் சொன்னாங்க."

"அவங்க கோவிச்சுக்கிட்டா நான் இளிச்சவாய். அப்படித்தானே தம்பி?"

பொற்செழியன் நாற்காலி நுனியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். வேறு சமயமாக இருந்தால் அமலோற்பவம் அவரை அப்படியே வாசல் வரை அனுப்பி வைத்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஜெசிந்தா. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு மலை இறங்கியவள் அதன்பிறகு ஏறவே இல்லை. இரண்டு முறை கிளம்பினாள். இரண்டு முறையும் மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வாந்தி எடுத்து, வந்த வழியே திரும்பிவிட்டாள். இப்போது அவளுக்கு ஏழாவது மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜெசிந்தாவின் மாமியார் சலேத்மேரிக்கு மட்டும் இது தெரிந்தும் தெரியாத விஷயம்.

"இங்க ஆஸ்பத்திரி வாசலும் எங்க வாசலும் எதிரெதிர்தான் சம்பந்தி. அங்க என்ன இருக்கு? வெறும் மஞ்சு மூட்டம்தான் இருக்கு. வாந்தி எடுத்தே புள்ள கரைஞ்சிடும்" என்று சலேத்மேரி போனில் சொல்லியிருந்தாள்.

"எட்டு மாசம் நிறையறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடணும், அதுக்கப்புறம் அசையக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அமலோற்பவம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். நாற்பது நாள் சரியாக இருந்தது.

"டிசைன் எங்க?" என்றாள்.

பொற்செழியன் பைக்குள்ளிருந்து ஒரு மைப்படியை எடுத்து விரித்தார். அடிவாரத்தில் பழைய சுங்க மண்டபத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. எந்தக் காலத்துத் தூண் என்று கேட்டால் ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்வார்கள். அதில் இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று பதினான்கு இடத்தில் பின்னிக்கொண்டு ஏறுகிற மாதிரி செதுக்கியிருக்கிறது. முதல் மஃப்ளரை யார் பின்னினார்களோ, அவர்கள் அந்தத் தூணைப் பார்த்துத்தான் பின்னினார்கள். பிறகு ஒருவர் கல்லின் மேல் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி, படி எடுத்துக் கோப்பில் வைத்தார். அதற்கப்புறம் தூணைப் பார்க்க யாரும் போகவில்லை.

அமலோற்பவம் மைப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தூணைப் பார்க்கணும்."

"மேடம், அதான் இது..."

"தம்பி, ஜவுளிக்கடையில புடவையோட போட்டோவைப் பார்த்தா புடவை எடுப்பீங்க? ஜீப்பை எடுங்க."

அமலோற்பவத்தின் வயிறு இரும்பு. பழைய பாதையில் பதினான்கு வளைவையும் கொய்யாப்பழம் தின்றுகொண்டே இறங்கினாள். மண்டபத்தில் வௌவால்களைச் சேலைத் தலைப்பால் விரட்டிவிட்டு, கல்லில் விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே தடவிக்கொண்டு போனாள். முதல் முறுக்கில் இடது கயிறு மேலே ஏறியிருந்தது. இரண்டாவதில் வலது கயிறு. மூன்றாவதில் மறுபடி இடது. நாலாவதில் வலது. பதினான்கும் அப்படியே மாறி மாறிப் போயிற்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தில் கோடு விழும். எந்தக் கோடு மேலே, எந்தக் கோடு கீழே என்று விழாது. சிஸ்டர்கள் மைப்படியைப் பார்த்து, பதினான்கு முறுக்கையும் ஒரே பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. ஈரத் துணியை ஒரே பக்கமாகப் பதினான்கு முறை முறுக்கினால் என்ன ஆகும்? அதில் உள்ளதெல்லாம் வெளியே வரும். ஜெசிந்தாவின் வயிற்றுக்கும் அதுதான் ஆகிக்கொண்டிருந்தது.

"ஒரு வளைவுல முறுக்கினதை அடுத்த வளைவு பிரிச்சு விடணும். கல்லு அப்படித்தான் சொல்லுது. நான் அப்படித்தான் பின்னப் போறேன்."

பொற்செழியன் மைப்படியை எடுத்து நீட்டினார். "மேடம், அப்ரூவல் ஆனது மைப்படிக்குத்தான். கல்லுக்கு அப்ரூவல் இல்லை."

"அப்போ கல்லுக்கு ஒரு மனு எழுதி வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் கண்ணி ஏத்தியிருப்பேன்."

அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டாள். தார் நிறத்தில் உல்லன் நூல். அவளுடைய கணவர் சூசைராஜ் தேயிலை ஆலையில் முப்பது வருஷம் இலை வாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அதனால் நிற்பதில் நல்ல பழக்கம். நூல் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். சாப்பாடு வந்தால் வாயை மட்டும் திறந்தார்.

இரண்டு ஓரத்திலும் ஒரு பிளெயின், ஒரு பர்ல் என்கிற மறுபக்கக் கண்ணி, அடுத்த வரிசையில் அதையே மாற்றி, தொட்டால் கேழ்வரகைப் பரப்பி வைத்த மாதிரி சொரசொரப்பாகப் போட்டாள். அப்படிப் போட்டால் ஓரம் சுருளாது, மழையில் டயரும் வழுக்காது. நடுவில் எட்டுக் கண்ணி. நாலு கண்ணி ஏறுகிற வண்டிகளுக்கு, நாலு இறங்குகிற வண்டிகளுக்கு. முறுக்கு வரும் இடத்தில் முதல் நாலு கண்ணியைக் கழற்றி மூன்றாவது ஊசியில் ஏற்ற வேண்டும். அந்த ஊசியை முன்னால் பிடித்துக்கொண்டு பின்னினால் முறுக்கு ஒரு பக்கம் விழும், பின்னால் பிடித்தால் மறுபக்கம் விழும். அவ்வளவுதான் சூட்சுமம். ஒற்றைப்படைக்கு முன், இரட்டைப்படைக்குப் பின்.

முப்பத்தாறாம் நாள் மஃப்ளர் முடிந்தது. முப்பத்தேழாம் நாள் மலை அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திருப்பிப் பார்த்தது. ஊரில் எல்லா வீட்டு அலமாரியிலும் டப்பாக்கள் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் நகர்ந்தன. பெண்கள் திரும்ப அடுக்கி வைத்தார்கள். மலைக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள்.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா காரில் கிளம்பினாள். மாப்பிள்ளை அருள்தாஸ் ஓட்டினார். பின்சீட்டில் சலேத்மேரி மடியில் ஆஸ்பத்திரி ஃபைலும் காலடியில் ஒரு எவர்சில்வர் போசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போசி வாந்திக்கு. ஃபைல் திரும்பிப் போவதற்கு.

வளைவுக்கு வளைவு போன் வந்தது.

"அம்மா, முதல் வளைவு. லேசா வயிறு பிசையுது."

"ரெண்டாவதுல சரியாயிடும்."

"ரெண்டாவது தாண்டிட்டோம்மா. சரியாயிடுச்சு!"

"நான் சொல்லலை?"

நாலாவது தாண்டியபோது ஜெசிந்தா சிரித்தது கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு உயரம் வந்ததே இல்லை. அமலோற்பவம் அடுப்பில் மீன்குழம்பைக் கொதிக்க விட்டாள். பிறகு வந்த போனில் குரல் மெலிந்திருந்தது.

"அம்மா... அஞ்சாவது வளைவு. நாலாவதுல போன பக்கமே திரும்பவும் போகுது. எனக்குத் தலை சுத்துது."

பின்னாலிருந்து சலேத்மேரியின் குரல் கேட்டது. "டேய் அருள், நிறுத்து வண்டியை. ஏத்தினது போதும். திருப்பு."

அமலோற்பவம் அடுப்பை அணைத்தாள். கண்ணை மூடி மஃப்ளரை விரலால் தடவுகிற மாதிரி நினைவில் தடவிக்கொண்டு போனாள். ஒன்று, முன். இரண்டு, பின். மூன்று, முன். நாலு, பின். ஐந்து... ஐந்தாவது முறுக்கு போடும்போது போன் வந்தது. சலேத்மேரிதான். ஆஸ்பத்திரியில் ஏசி ரூம் பேசி வைத்திருப்பதாகச் சொல்ல. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஏசி எங்க ஊர்ல ஜன்னலைத் திறந்தா வரும் சம்பந்தி" என்று பதில் சொன்னபோது, கழுத்து சாய்ந்த பக்கமாக மூன்றாவது ஊசியும் பின்னால் போயிருக்கிறது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு, வண்டி அசையக் கூடாது. அரை மணி நேரத்துல வரேன்" என்றாள்.

பொற்செழியனுக்குப் போன் போட்டு வரவழைத்து, அவருடைய ஜீப்பில் சூசைராஜை ஏற்றினாள். வழியில் எஸ்டேட்டில் மூன்று சில்வர் ஓக் கம்பும், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கத்தி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று மேஸ்திரி கேட்கவில்லை. கத்தியைத் திருப்பித் தரும்போது துடைத்துத் தரச் சொன்னார்.

ஐந்தாவது வளைவில் கார் நின்றுகொண்டிருந்தது, முறுக்குக்குச் சரியாக ஒரு கண்ணி கீழே. ஜெசிந்தா முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முகம் பச்சைத் தேயிலை நிறத்தில் இருந்தது. போசி அவள் மடிக்கு வந்துவிட்டது. ஆனால் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

சலேத்மேரி இறங்கி வந்தாள். ஊதா நிறச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பார்த்தீங்களா சம்பந்தி? நான் அப்பவே சொன்னேன். இன்னைக்கு விட்டா அவ அசையக் கூடாது. நாங்க இறங்கறோம்."

"நாலு வளைவு நல்லாத்தானே வந்தா?"

"அஞ்சாவது?"

"அஞ்சாவது தப்பு. என் தப்புதான். நீங்க போன் பண்ணினீங்க, நான் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது."

சலேத்மேரி வாயைத் திறந்தாள். அதில் தனக்கு எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அமலோற்பவம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையின் நடுவில் மண்டியிட்டுவிட்டாள்.

முறுக்கின் நடு வரிசையில் ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்தாள். சாலைக்கு வந்தபிறகு நூல் முழங்கை தடிமனுக்கு இருந்தது.

"மேடம்! அரசாங்க ரோட்டை வெட்டறதுக்கு..."

"ரோட்டை எவன் வெட்டறான்? நான் ஒரு கண்ணியை வெட்டறேன். அந்தப் பக்கம் போய், இறங்கற பஸ்ஸை நிறுத்துங்க."

வெட்டினாள். நூல் முனையைப் பிடித்து எட்டுக் கண்ணியின் வழியாகவும் மெதுவாக உருவினாள். பாதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. கீழே எட்டு வளையம், மேலே எட்டு வளையம், நடுவில் பள்ளத்தாக்கு. காற்று அடித்தது. சூசைராஜ் கீழ் எட்டு வளையத்திலும் ஒரு கம்பைச் செருகி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே வலது நாலு வளையத்தை அருள்தாஸ் பிடித்தார். இடது நாலுக்கு ஆள் இல்லை. மூன்றாவது ஊசி அதுதான். பொற்செழியன் பஸ்ஸிடம் நின்றார். அமலோற்பவத்துக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தது.

அவள் நிமிர்ந்து சலேத்மேரியைப் பார்த்தாள்.

"எனக்குப் பின்னல் தெரியாது. எங்க ஊர்ல எல்லாம் மெஷின்" என்றாள் சலேத்மேரி.

"பின்ன வேண்டாம். பிடிச்சா போதும். விட்டீங்கன்னா உங்க பேரனும் என் பேரனும் ஒரே கார்ல உருண்டுடுவாங்க."

"பேத்தியாவும் இருக்கலாம்."

"யாரா இருந்தாலும் உருளும். பிடிங்க சம்பந்தி."

சலேத்மேரி ஃபைலைக் காரின் மேல் வைத்துவிட்டு வந்து கம்பைப் பிடித்தாள். பழக்கமில்லாத கைதான், ஆனால் நல்ல பிடி. அண்டா தூக்கின கை.

"பின்னால கொண்டு போகாதீங்க, முன்னால! உங்க மூக்குக்கு நேரா! அப்படியே நில்லுங்க. தும்மக் கூடாது."

"எனக்கு இப்பத்தான் தும்மல் வருது."

"அடக்குங்க. நான் எவ்வளவு அடக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

காருக்குள்ளிருந்து ஜெசிந்தா, "ரெண்டு பேரும் சண்டையை மேல போய்ப் போட்டுக்கோங்க" என்றாள். அருள்தாஸ் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, கண்ணு கம்புல இருக்கட்டும்" என்று அமலோற்பவம் அவரைத் திருப்பினாள்.

இடது நாலும் வலது நாலின் மேலே தாண்டி வந்தன. மலைச்சரிவும் கூடவே நகர்ந்து இடம் விட்டது. அமலோற்பவம் கீழ் வளையத்துக்குள் நூலை விட்டு மேல் வளையத்தில் எடுத்து, மேல் வளையத்தில் விட்டுக் கீழ் வளையத்தில் எடுத்து, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தாள். ஏழு கண்ணி முடிந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. முன்னால் தாண்டி வருகிற முறுக்குக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அது அவளுக்குத் தெரியும். அவசரத்தில் நூல் எடுத்துவர மறந்திருந்தாள்.

எட்டாவது கண்ணி திறந்து கிடந்தது. அதன் வழியாகக் கீழே அடிவாரத் தோட்டங்கள் தெரிந்தன.

அமலோற்பவம் சலேத்மேரியின் சால்வையைப் பார்த்தாள்.

"இது என் தம்பி வேளாங்கண்ணியில வாங்கிக் கொடுத்தது" என்றாள் சலேத்மேரி.

"ஒரு இழைதான்."

"ஒரு இழை உருவினா மொத்தமும் போயிடும்."

"நான் உருவினா போகாது."

சலேத்மேரி கம்பைப் பிடித்தபடியே நின்றாள். காரைப் பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போசியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"பின்பக்கமா எடுங்க. முன்பக்கம் எடுத்தா தெரியும்" என்றாள் சலேத்மேரி.

அமலோற்பவம் ஓரத்திலிருந்து ஒரு ஊதா இழையை உருவி, தார் நூலோடு முடிச்சுப் போட்டாள். மலை அதை இழுத்துத் தன் தடிமனுக்குக் கொண்டுவந்தது. எட்டாவது கண்ணி மூடியது. கம்புகளை உருவினார்கள். பாதை ஒருமுறை குலுங்கி இறுகிக்கொண்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று ஹாரன் அடிக்கச் சொன்னார்கள்.

"இப்ப ஏத்துங்க மாப்பிள்ளை. மெதுவா."

கார் முறுக்கில் ஏறியது. நாலாவது வளைவில் எந்தப் பக்கம் திரும்பியதோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. பெண்கள் இரண்டு பேரும் சாலையோரத்தில் நின்று பார்த்தார்கள். வளைவின் மேல்முனையில் கார் நின்றது. கதவு திறந்தது. ஜெசிந்தா போசியை வெளியே நீட்டிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"அம்மா," என்று கத்தினாள், "என்ன குழம்பு வெச்சிருக்க?"

மீதி ஒன்பது வளைவையும் அவள் பேசிக்கொண்டே ஏறினாள். மத்தியானம் வீட்டில் மீன்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நாலாவது முறை போசியிலேயே ஊற்றிக்கொண்டாள். சலேத்மேரி, தான் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். "இருங்க, யார் போகச் சொன்னது?" என்று அமலோற்பவம் சொன்னது, கிட்டத்தட்ட அன்பாகவே இருந்தது. ஊதாக் கண்ணியைப் பற்றித் துறையிலிருந்து விளக்கம் கேட்டு அன்று சாயங்காலமே ஒரு கடிதம் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் பிரசவச் சாமான் பட்டியல் எழுதினாள்.

மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் வெளிச்சமே வரவில்லை. துணி காயப்போடப் போன ஜெசிந்தா வாளியோடு திரும்பி வந்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அடுத்த பள்ளத்தாக்கு மலை வந்து மதிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. பனியில் நனைந்திருந்தது. இரண்டு முறை இருமியது. கொய்யா மரத்திலிருந்து பிஞ்சுகள் உதிர்ந்தன.

அவள் உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துவந்தாள். மலை கழுத்தைக் குனிந்து கொடுத்தது. சுற்றி அளந்து, மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சலேத்மேரியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை அளந்துகொண்டாள்.

"பிரசவம் முடிஞ்சு நாற்பது நாள் ஆகணும். அதுக்கு முன்னாடி ஊசியைத் தொட மாட்டேன்" என்றாள். "அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லு. குழந்தைத் துணி காயணும்."

மலை கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. வெயில் வந்தது. ஜெசிந்தா துணியை உதறிக் கொடியில் போட்டாள்.